தன்னியக்க கியர்: கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

எமது நாட்டில் 2020 மார்ச் மாதம் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கான கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், குறிப்பாக 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ச்சியடைந்ததன் பின்னர், வாகன விலைகளும் உதிரிப்பாக விலைகளும் சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றன. இறக்குமதி மீள ஆரம்பித்த போதிலும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் பலருக்கும் கனவாகவே இருந்து வருகின்றது. எனவே, ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கு வந்து, மேலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்துவிட்ட கார்களே இன்றும் பல வீடுகளில் நிற்கின்றன. வாடகைக்கு ஓடுபவருக்கு அது சீவனோபாயம். ஏனையோருக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

இக்கார்களுள் மிகப் பெரும்பாலானவை தன்னியக்க கியர் கொண்டவை. அதில் ஒரு தடுமாற்றம் ஏற்பட்டவுடன் கராஜில் பெரும்பாலும் கேட்கும் தீர்ப்பு, 'பெட்டி முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்' என்பதாகும். அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியானதே. ஆனால் சில நூறு ரூபா பெறுமதியான ஒரு பியூஸ், குறைந்துபோன ஒயில், துருப்பிடித்த ஒரு வயர் இணைப்பு ஆகியனவும் இதே குறிகளைக் காட்டக்கூடும். ஆகவே, மலிவானதை முதலிலும் செலவு கூடியதை இறுதியிலும் சோதிக்கும் ஒழுங்கை ஒவ்வொரு வாகன உரிமையாளரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஒயிலே உயிர்

சாதாரண கியர் கொண்ட காரில் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைப்பது கிளச் தட்டு. தன்னியக்க வாகனத்தில் அந்த வேலையை 'டோர்க் கன்வேர்ட்டர்' என்னும் பாகத்துள் சுழலும் ஒயில் செய்கின்றது. பெட்டியினுள் இருக்கும் சிறு கிளச் தொகுதிகளை இறுக்கி ஒவ்வொரு கியரையும் பிடிக்கச் செய்வதும் அதே ஒயிலின் அமுக்கமே. எந்த நேரத்தில் எந்தப் பாதை வழியாக ஒயில் செல்ல வேண்டும் என்பதை, கணினியின் கட்டளைப்படி திறந்து மூடும் 'சொலனொயிட்' எனப்படும் மின் வால்வுகள் தீர்மானிக்கின்றன. ஆகவே கோளாறு ஒயிலில் இருக்கலாம், மின்சாரத்தில் இருக்கலாம், இறுதியாகவே கிளச் தொகுதிகளின் தேய்வில் இருக்கலாம்.

ஒயில் அளவைச் சமதரையில், வாகனம் சிறிது தூரம் ஓடிச் சூடேறிய பின்னரே பார்க்க வேண்டும். டொயோட்டா போன்ற பல கார்களில் எஞ்சின் இயங்கிக் கொண்டிருக்கும் போதும், ஹொண்டா கார்களில் எஞ்சினை நிறுத்திய உடனேயும் அளவு பார்க்கப்படுகின்றது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஒயிலைக் கூட்டி ஊற்றுவோர் பலர். அளவு கூடினாலும் ஒயில் நுரைத்து அமுக்கத்தை இழக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது. அளவுகோல் இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றைத் தெரிந்த ஒருவரே பார்க்க வேண்டும்.

நிறமும் மணமும் அளவைப் போலவே முக்கியமானவை. பெரும்பாலான ஒயில்கள் புதிதாக இருக்கையில் செந்நிறமானவை. பழகப் பழகச் சற்றுக் கபில நிறமாவது வழமையே. கறுத்துக் கருகிய மணம் வீசினால் கிளச் தொகுதிகள் எரிந்துள்ளன என்று பொருள். பால் கலந்தது போன்ற இளஞ்சிவப்பு நிறமாயின், ரேடியேற்றரினுள் உள்ள ஒயில் குளிர்விப்பான் கசிந்து தண்ணீர் கலந்துவிட்டது. அதற்குப் பின்னர் ஒரு மைல் தூரமும் ஓட்டலாகாது.

குறிகள் சொல்லும் செய்தி

லீவரை 'டி' நிலைக்கோ 'ஆர்' நிலைக்கோ மாற்றியதும் சில விநாடிகள் தாமதித்தே வண்டி அசையுமாயின், ஒயில் குறைவு முதற் சந்தேகம். காலையில் மட்டும் தாமதித்து, சூடேறியதும் சரியாகுமாயின், உள்ளேயுள்ள இறப்பர் சீல்கள் இறுகிவிட்டிருக்கலாம்.

எஞ்சின் இரைந்து சுற்று வேகம் ஏற, வண்டியின் வேகம் ஏறாதிருப்பது வழுக்கல் எனப்படும். ஒயில் அளவு சரியாக இருந்தும் வழுக்குமாயின் கிளச் தேய்வு பற்றி யோசிக்க வேண்டும். கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களில் இக்குறி முதலில் வெளிப்படும். முந்திச் செல்ல முனையும் வேளையில் வண்டி வழுக்குவது உயிராபத்தான விடயம் என்பதால் இதனை ஒத்திப்போடலாகாது.

கியர் மாறும்போது உதைத்தாற் போன்ற அதிர்வு ஏற்பட்டால், பெட்டியைக் குறை கூறுமுன் எஞ்சின் மவுண்டிங்குகளையும் எஞ்சினின் ஓய்வு வேகத்தையும் பார்க்க வேண்டும். உடைந்த மவுண்டிங் ஒன்றே பெரும் அதிர்வைத் தரும். 1980களிலும் 1990களிலும் தயாரிக்கப்பட்ட டொயோட்டா கார்கள் பலவற்றில் அக்ஸிலேட்டருடன் இணைந்த கேபிள் ஒன்று பெட்டிக்குச் செல்கின்றது. அது தளர்ந்தால் கியர் அவசரமாகவும் மென்மையாகவும் மாறி வழுக்கும். அளவுக்கு மீறி இறுகினால் தாமதித்து உதைக்கும். அதனைச் சரிசெய்யப் பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொண்டு, 'ஓவர்டிரைவ்' விளக்கோ 'டி' விளக்கோ விட்டுவிட்டு ஒளிருமாயின், அது மின் கோளாறொன்றைக் கண்ட கணினி, பெட்டியைக் காக்க எடுத்த நடவடிக்கையாகும். பற்றரியின் வலு, அதன் முனைகள், பூமி வயர் ஆகியவற்றைப் பார்த்த பின் பழுதுக் குறியீட்டை வாசிப்பிக்க வேண்டும்.

உயர் கியருக்கு மாறாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. எஞ்சின் போதிய சூடேறும் வரை பல கார்களின் கணினி ஓவர்டிரைவை அனுமதிப்பதில்லை. வெப்பமான நாடு என்று கூறி 'தேர்மோஸ்டாட்' என்னும் பாகத்தை எமது கராஜ்களில் அகற்றிவிடும் பழக்கம் உண்டு. அத்தகைய வாகனத்தில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி, கியரும் மாறாது, பெற்றோலும் வீணாகலாம். பழுதடைந்த வெப்ப சென்சரும் இதே விளைவைத் தரும்.

லீவர் 'பி' நிலையிலிருந்து அசைய மறுப்பது பலரைக் கலங்கச் செய்யும் குறி. அவ்வேளை பிரேக்கை மிதித்து, பின் விளக்கு எரிகின்றதா என்று பாருங்கள். எரியாவிடின், பிரேக் சுவிச்சோ பியூஸோ தான் பழுது, கியர்ப்பெட்டி அன்று.

மாற்றும்போது

ஒயிலின் வகை வாகனத்துக்கு வாகனம் வேறுபடும். கைநூலில் குறிப்பிட்ட வகையையே ஊற்ற வேண்டும். அளவுகோலிலேயே அது பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு. படிகளற்ற 'சி.வி.ரி.' பெட்டிகளுக்குச் சாதாரண தன்னியக்க ஒயில் ஒருபோதும் ஆகாது. முதல் தலைமுறை ஹொண்டா ஃபிட் கார் புறப்படும்போது நடுங்குவது பலரும் அறிந்த முறைப்பாடு. உரிய ஒயிலை மாற்றிப் பார்த்த பின்னரே அதற்குப் பெரிய செலவை நாட வேண்டும்.

ஒரு முறை வடிக்கும்போது ஒயிலின் ஒரு பகுதி மாத்திரமே வெளியேறும். எஞ்சியது கன்வேர்ட்டரில் தங்கிவிடும். நெடுங்காலம் மாற்றப்படாத பெட்டியில் இயந்திர அமுக்கத்தால் முழுவதையும் கழுவுவதிலும், சில நூறு கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை வடித்து ஊற்றுவது பாதுகாப்பானது. ஏற்கனவே கடுமையாக வழுக்கும் பெட்டியைப் புதிய ஒயில் குணப்படுத்தாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வடிக்கும்போது தட்டிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். மென்மையான சாம்பல் நிறப் பசை இயல்பானது. உலோகத் துண்டுகள் இருப்பின் பெட்டியைத் திறக்கும் வேளை வந்துவிட்டது.

அவ்வாறு மாற்றத்தான் வேண்டுமெனில், பஞ்சிகாவத்தையிலோ வேறிடத்திலோ வாங்கும் பாவித்த பெட்டியின் இலக்கம் உங்கள் வாகனத்துக்குப் பொருந்துகின்றதா என்பதை உறுதிசெய்யுங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் பெறுங்கள். பழைய பெட்டியின் உலோகத் துகள்கள் தங்கியுள்ள குளிர்விப்பான் குழாய்களைக் கழுவாமல் பூட்டினால், புதிதாக வந்ததும் அதே கதியை அடையும். வழியில் நின்றுபோன தன்னியக்க வாகனத்தை, எஞ்சினால் உந்தப்படும் சில்லுகள் நிலத்தில் உருள இழுத்துச் செல்வதும் தவறு. எஞ்சின் நின்றதும் பெட்டியின் ஒயில் பம்பும் நின்றுவிடுவதே காரணம்.

பழுது பார்ப்போரைச் சந்தேகிக்குமாறு நாம் கூறவில்லை. திறமையும் நேர்மையும் கொண்ட பலர் எமது ஊர்களில் உள்ளனர். ஆனால் எந்தச் சோதனையின் அடிப்படையில் இம்முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்பதற்கு வாகன உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஒயிலைக் காட்டவும், குறியீட்டை வாசிக்கவும் தயங்காத கையில் வண்டியை ஒப்படைப்பதே, அரிய சேமிப்பைக் காப்பதற்கான வழியாகும்.