முதுகுத் தண்டு நெருக்கமும் சிறு துளை அறுவையும்

பால் வாளி சுமக்கும் நம்மவர்க்கு முதுகு வலி புதிதன்று. ஆயினும், முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டு பிதுங்கியோ, எலும்பு தடித்தோ முதுகுத் தண்டை நெருக்கினால் கைகால் மரத்துப்போகும், நடை தளரும்.

முன்னர் இதற்கு முதுகை நீளக் கீறித் தசைகளை விலக்க வேண்டியிருந்தது. இப்பொழுது தகுந்த நோயாளிகளுக்கு, ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் துளை வழியே விளக்கும் படக்கருவியும் பொருந்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, திரையில் பார்த்தவாறே மருத்துவர் நெருக்கத்தை நீக்குகிறார். தசைச் சேதமும் குருதி இழப்பும் குறைவு.

எல்லா முதுகு வலிக்கும் அறுவை வேண்டுவதில்லை. எல்லா நெருக்கத்திற்கும் இம்முறை பொருந்துவதுமில்லை. ஆனால், கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க இயலாவிட்டாலோ, தைலம் தேய்த்து நாள் கடத்தாதீர்கள். அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என வேண்டுகிறோம். நெடுநாள் நசுங்கிய தண்டு, நெருக்கம் நீங்கிய பின்னும் முழு வலிமை பெறாது போகலாம்.