பெயர் பிரிந்தது, ஆபத்து தெரிந்தது!

வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்... "இதையெல்லாம் எதுக்குப்பா மனப்பாடம் பண்ணணும்?" என்று நானும் சலித்துக்கொண்டவள்தான். கூன்முதுகு டால்பின்களைப் பற்றிப் படித்த பிறகு அப்படிக் கேட்பதில்லை.

டால்பின் மீன் இல்லை, பாலூட்டி. நம் மீனவர்கள் 'ஓங்கில்' என்பார்கள். கடல் டால்பின்களின் குடும்பம் 'டெல்பினிடே'. இதில் முப்பதுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். 'கொலைகாரத் திமிங்கலம்'கூட இந்தக் குடும்பம்தான்! இதிலுள்ள ஒரு பேரினம் 'சௌசா'. அதுதான் கூன்முதுகு டால்பின்.

பொதுப் பண்புகள்:
* நீண்ட அலகு. நீளம் சுமார் 2 முதல் 3 மீட்டர் வரை.
* ஆழ்கடலுக்குப் போகாது. கரையோரமும் ஆற்று முகத்துவாரமும்தான் வீடு.
* ஒரு தடவைக்கு ஒரே குட்டி.

நான்கு சிற்றினங்கள்:
1. அட்லாண்டிக்: மேற்கு ஆப்பிரிக்கக் கரை. கூன் உண்டு. மொத்தமே 3,000-க்கும் குறைவு என்பது கணிப்பு.
2. இந்தியப் பெருங்கடல்: தென்னாப்பிரிக்கா முதல் இந்தியா வரை. ஈய நிறம். கூன் நன்றாகத் தெரியும்.
3. இந்தோ-பசிபிக்: வங்கக் கடல் முதல் சீனா வரை. பெயரில்தான் கூன்! குட்டி சாம்பல் நிறம். வளர வளர இளஞ்சிவப்பு ஆகிவிடும்.
4. ஆஸ்திரேலியா: அந்நாட்டின் வடகரை. கூன் இல்லை.

இதில் 2, 3, 4 மூன்றையும் முன்பு ஒரே சிற்றினமாகத்தான் பலர் எண்ணினார்கள். எலும்பு, நிறம், மரபணு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 2014-ல்தான் நான்கு எனப் பிரித்தார்கள். ஆஸ்திரேலிய வகைக்கு அறிவியல் பெயர் வைத்ததும் அப்போதுதான்.

பிரித்ததால் என்ன லாபம்? பள்ளியின் மொத்த வருகையை மட்டும் பார்த்தால், ஒரு வகுப்பில் பாதிப்பேர் வராதது தெரியுமா? தெரியாதே! அதே கதைதான். 2008 சிவப்புப் பட்டியலில், சேர்ந்திருந்தபோது, 'ஆபத்தை நெருங்குபவை' என்றுதான் இருந்தது. தனியாகப் பார்த்ததும், 2017-ல் நம் இந்தியப் பெருங்கடல் வகை 'அழியும் ஆபத்தில்' என்று அறிவிக்கப்பட்டது.

காரணம்? கரையோரம் வாழ்வதால் வலையில் சிக்குகிறது. நுரையீரலால் சுவாசிக்கும் உயிராச்சே! மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

ஒரு உயிரைக் காப்பாற்ற, முதலில் அது யார் என்று தெரிய வேண்டும். அதனால் நண்பர்களே, அடுத்த தேர்வில் வகைப்பாட்டுக் கேள்வி வந்தால் திட்டாதீர்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி