இரு கதிகளும் ஒரு காலமும்

பௌதிகம் பயிலும் மேல்நிலை மாணவர்களுள் பெரும்பாலோர், எறிபொருளின் இயக்கம் என்ற அத்தியாயத்தை எட்டியவுடன், பறக்கும் காலம், பெரும உயரம், கிடைத்தள வீச்சு ஆகிய மூன்றுக்கும் உரிய சூத்திரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நெட்டுருப் போடுகிறார்கள். பரீட்சையில் அவை கைகொடுப்பதும் உண்டு. ஆயினும், பந்து தரையிலிருந்து புறப்படாமல் மாடியின் உச்சியிலிருந்து புறப்பட்டதாக வினாவில் ஒரு சொல் மாறிவிட்டாற் போதும், அத்தனை சிரமமும் வியர்த்தமாகிவிடுகிறது. சூத்திரம் பிழையானதன்று, புறப்பட்ட மட்டமும் வந்து விழும் மட்டமும் ஒன்றே என்ற நிபந்தனையின் பேரில் பிறந்தது அது என்பதை, மனனம் செய்தவர் கவனியாததே கோளாறு.

அச்சூத்திரங்களுக்கெல்லாம் மூலமான கருத்தை, வீட்டுச் சிறையில் இருந்தபடியே எழுதி முடித்து, 1638-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் அச்சாகி வெளிவந்த தமது உரையாடல் நூலின் நான்காம் நாளில் கலிலியோ விளக்குகிறார். கிடைமட்டத்தில் மாறாத வேகமும், செங்குத்தில் சீராக வளரும் வேகமும் ஒன்றையொன்று பாதிக்காமல் ஒரே பொருளில் உடன்நிகழ்கின்றன என்றும், அவற்றின் சேர்க்கையே பரவளையம் என்றும் அவர் நிறுவினார். சாய்தளத்தில் உருண்டு வந்த குண்டு மேசை விளிம்பைக் கடந்து எங்கே விழுகிறதென்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அளந்து அவர் குறித்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. காற்று இக்கணக்கைக் குலைக்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். காற்றின் தடையைப் புறக்கணிக்கச் சொல்லும் நம் பாடநூல்கள் மாணவனுக்கு எத்தகைய சலுகை அளிக்கின்றன என்பது, துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசற் கட்டையால் அளந்து 1742-இல் நூல் வெளியிட்ட பெஞ்சமின் ராபின்ஸைப் படித்தால் விளங்கும்.

ஓர் உதாரணம் காண்போம். 20 மீட்டர் உயரமுள்ள மாடியின் விளிம்பிலிருந்து, கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 37 பாகை மேல்நோக்கி, விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் பந்து எறியப்படுகிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைச் சௌகரியத்துக்காக 10 என்று கொள்வோம். வீச்சின் சூத்திரத்தில் எண்களை இட்டவருக்குக் கிடைப்பது 60 மீட்டர்; பந்து மறுபடியும் மாடி மட்டத்துக்கு வரும் இடம் அது, தரையன்று. பொறுமையுள்ளவரோ முதலில் வேகத்தைக் கிடைமட்டத்தில் 20, செங்குத்தில் 15 என்று பிரிக்கிறார். பின்பு கிடைமட்டத்தை அறவே மறந்து, செங்குத்தை மட்டும் விசாரிக்கிறார்: 15 மீட்டர் வேகத்தில் மேலே சென்ற பொருள் 20 மீட்டர் கீழேயுள்ள தரையை எப்போது அடையும்? இருபடிச் சமன்பாடு 4 விநாடி என்கிறது. இரு கதிகளுக்கும் பொதுவாக உள்ளது காலம் ஒன்றே. ஆகவே அந்த நாலு விநாடியைக் கிடைமட்டத்துக்குக் கொடுத்தால் 80 மீட்டர் என்ற விடை வருகிறது.

அச்சமன்பாட்டுக்கு இன்னொரு மூலமும் உண்டு: குறை 1. காலம் எதிரெண்ணாகாது என்று அதை அடித்துவிட்டு மேலே செல்வதே வழக்கம். எனக்கோ கணக்கின் சுவாரசியமே அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு விநாடிக்கு முன்னர், மாடியின் விளிம்புக்கு 20 மீட்டர் பின்னால், தரையிலிருந்தே யாரோ அப்பந்தை மேல்நோக்கி 25, கிடைமட்டத்தில் 20 என்ற வேகங்களுடன் எறிந்திருந்தால், அது மாடி விளிம்பைக் கடக்கும்போது நம் பந்தின் வேகத்தையும் திசையையும் அப்படியே பெற்றிருக்கும். இப்போது இரு முனைகளும் தரையிலேயே இருப்பதால், நெட்டுருப் போட்ட அந்தச் சூத்திரமும் செல்லுபடியாகிறது: முழு வீச்சு 100 மீட்டர், அதில் மாடிக்குப் பின்னாலுள்ள 20 போக, மீதி 80.