உங்களுக்குத் தெரியுமா? பிராணவாயுவின் மறுபக்கம்

1967-இல், அமெரிக்காவில் வில்லியம் நார்த்வே என்ற எக்ஸ்-கதிர் நிபுணரும் அவருடைய சகாக்களும், குறைமாத சிசுக்களின் உயிரைக் காக்கவென்று ஊட்டிய பிராணவாயுவும் சுவாச யந்திரத்தின் அழுத்தமுமே அந்தப் பிஞ்சு நுரையீரலில் நாட்பட்ட வியாதியை விளைவிக்கக்கூடும் என்று முதன்முதலாக விவரித்தார்கள்.

மாமல்லபுரத்துக் குப்பத்திலே பிறந்தாலென்ன, மாளிகையிலே பிறந்தாலென்ன, 28 வாரம் நிரம்புமுன், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறந்த மகவுக்கே இந்த வியாதியின் அபாயம் மிகுதி. கிருமித்தொற்றும், இதயத்தருகே மூடாதிருக்கும் ரத்தக்குழாயும் அதைப் பெருக்கும். ஆண் மகவுக்குச் சற்றுக் கூடுதல்.

உள்ளங்காலில் சுற்றிய பட்டையின் சிவப்பொளி மெல்லிய தோலை ஊடுருவித் தெரிய, பிராணவாயு ஊட்டப்படும் குறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் 90-க்கும் 95-க்கும் இடையே நிற்கவேண்டிய, ரத்தத்தின் பிராணவாயுச் சதவீதத்தைக் காட்டும் எண் நூறைத் தொட்டால் தகப்பன் பூரிப்பான். செவிலியோ வாயுவைக் குறைப்பாள்!