ரீம்ஸ் போக வேண்டாம், மானாமதுரை போனால் போதும்… தெரியுமா?

பிரான்ஸ் நாட்டு ராஜாக்கள் முடிசூட்டிக்கொண்ட ரீம்ஸ் பேராலயத்தின் சாயலில் ஒரு கோவில் நம்ம ஊர் பரளச்சிக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கிறது, தெரியுமா? திருச்சுழிக்குப் போய் ரயிலேறுங்கள். நரிக்குடி தாண்டினால் மானாமதுரை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இடைக்காட்டூர். சீமைக்கருவேலங்காடு பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று கூர்முனை வளைவுகளோடு எழுந்து நிற்கிறது திருஇருதய ஆண்டவர் ஆலயம்! உள்ளே போக டிக்கெட் எவ்வளவு? ஒரு பைசா கிடையாது!

கல்லில் செய்ததைச் செங்கல்லில் செய்தார்கள், தெரியுமா?

பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1894-இல் கட்டிய கோவில் இது. மரி ஆன் என்ற பிரெஞ்சுப் பெண், தீராத நோய் தீர்ந்த நன்றிக்காக 2,000 பிராங்க் கொடுத்தார் என்பது ஆலயத்தில் சொல்லப்படும் வரலாறு. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது ரீம்ஸ் பேராலயத்தை. அது கல். இங்கே செங்கல்! தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வளைவுக்கு ஒரு அச்சு, விளிம்புக்கு ஒரு அச்சு, பூவேலைக்கு ஒரு அச்சு என்று தனித்தனியாக வார்த்துச் சுட்ட செங்கற்கள். ஒன்றின் வளைவு அடுத்ததில் போய்ப் பொருந்தி, அது அதற்கடுத்ததில் பொருந்தி, கழுத்து வலிக்கும் உயரம் வரை ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே இருக்கும் சுரூபங்கள் கப்பலேறி பிரான்சிலிருந்து வந்தவை.

மூலக்கோவில் பற்றி எரிந்தபோது இது பத்திரமாக நின்றது, தெரியுமா?

இடைக்காட்டூர் கோவில் எழும்பி இருபதே வருடம். முதல் உலகப்போர் மூண்டது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் ரீம்ஸ் பேராலயத்தில் விழுந்தன. கூரையின் ஈயத் தகடுகள் உருகி ஓடின. மழைநீர் வடிவதற்காகச் செதுக்கிய கல்மிருகங்களின் வாய் வழியே உருகிய ஈயம் கொட்டியது! வாயிலேயே உறைந்துபோன ஈயத்தோடு அந்தக் கல்மிருகங்கள் சிலவற்றை இன்றும் ரீம்ஸ் நகரில் வைத்திருக்கிறார்கள். சீர்செய்து மறுபடி முழுசாகத் திறக்க 1938 ஆனது. அத்தனை வருடமும் அதன் சாயல், நம்ம வெயிலில், சிவகங்கைச் சீமையில், பத்திரமாக நின்றிருக்கிறது!

நவகிரகங்களுக்கே கஞ்சி ஊற்றிய ஊர் இது, தெரியுமா?

இடைக்காடர் சித்தரின் ஊர் என்று சொல்லப்படுவதும் இதே இடைக்காட்டூர்தான். பன்னிரண்டு வருடப் பஞ்சம் வரப்போவதை முன்கூட்டியே அறிந்தவர், ஆடுகளை எருக்கிலை தின்னப் பழக்கினார், வரகைச் சேற்றில் குழைத்துச் சுவர் எழுப்பினார். ஊரே வறண்டபோது இவர் மட்டும் எப்படிப் பிழைத்திருக்கிறார் என்று பார்க்க நவகிரகங்களே இறங்கி வந்தன. சுவரை உதிர்த்து, வரகுக் கஞ்சி காய்ச்சி, ஆட்டுப்பாலோடு கொடுத்தார். உண்ட களைப்பில் தூங்கிய கிரகங்களை மழை வரும்படி இடம் மாற்றிப் படுக்க வைத்தார், மழை கொட்டியது என்கிறது கதை. மழைக்கு வானம் பார்க்கிற நம்ம கரிசல்காட்டுக்காரனுக்கு இதைவிடப் பிடித்த கதை வேறு உண்டா! வந்தவனிடம் காசு கேட்காத குணம் அந்த மண்ணிலேயே ஊறியிருக்கிறது.

பூசைக்கு வருபவரிடம் கட்டணம் கேட்கச் சட்டமே இடம் தராது, தெரியுமா?

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் 1221-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. வழிபாட்டு நேரத்தில் ஆலயத்துக்குள் நுழைவது இலவசமாகவும் தடையில்லாமலும் இருக்க வேண்டும். உலகத்தின் மிகப் பெரிய கிறிஸ்தவ ஆலயங்களில் ஒன்றான ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்துக்குள் போகவும் காசு வேண்டாம். மேலே குவிமாடம் ஏறத்தான் கட்டணம்!

லண்டனில் மூவாயிரம் ரூபாய், தெரியுமா?

இங்கிலாந்து ராஜாக்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குள் சுற்றிப் பார்க்கக் கட்டணம் 30 பவுண்டுக்குப் பக்கம். நம்ம பணத்தில் மூவாயிரத்துக்கு மேல்! அரசும் தருவதில்லை, அரண்மனையும் தருவதில்லை, இங்கிலாந்துத் திருச்சபையும் தருவதில்லை. நாங்கள் வேறு எப்படிச் சமாளிப்பது என்கிறார்கள் அங்கே. ஆனால் மாலை ஆராதனைக்கு வருகிறேன் என்றால் உள்ளே போவது இலவசம்! அதே இங்கிலாந்தில் டர்ஹாம் பேராலயம் டிக்கெட் போடாமல் காணிக்கை மட்டும் கேட்கிறது.

பாரிஸில் வேண்டவே வேண்டாம் என்றார்கள், தெரியுமா?

2019 ஏப்ரலில் நோத்ர தாம் பேராலயம் எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறினோமே! மறுபடி எழுப்ப சுமார் 150 நாடுகளிலிருந்து 3,40,000 பேர் கொடுத்தது 84 கோடி யூரோவுக்கு மேல். சுற்றுலாப் பயணிகளிடம் ஆளுக்கு 5 யூரோ வாங்கலாம், அதில் நாட்டிலுள்ள பழைய ஆலயங்களைப் பழுதுபார்க்கலாம் என்று 2024-இல் பிரான்சின் கலாசார அமைச்சர் யோசனை சொன்னார். பேராலயம் மறுத்துவிட்டது. டிசம்பரில் கதவு இலவசமாகவே திறந்தது. பார்சிலோனாவின் சக்ராதா பமிலியா இதற்கு நேரெதிர்! 1882-இல் தொடங்கிய அந்தக் கோவிலின் கட்டட வேலை பெரும்பாலும் பார்வையாளர் டிக்கெட் பணத்தில்தான் நடக்கிறது.

தலை வெட்டப்பட்ட இடத்திலும் டிக்கெட் இல்லை, தெரியுமா?

லிஸ்பனில் பிறந்த பாதிரியார் அருளானந்தர், சேதுபதி சீமையில் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று நம்பப்படும் ஓரியூர் மண்ணை, எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு போகிறார்கள். அதற்கும் விலையில்லை. சென்னை சாந்தோமில் தோமையாரின் கல்லறை, வேளாங்கண்ணியில் மாதா சந்நிதி, கோவாவில் சவேரியாரின் உடல் இருக்கும் ஆலயம், எங்கேயும் வாசலில் சீட்டுக் கிழிப்பவர் கிடையாது!

அப்படியானால் செலவை யார் பார்க்கிறார்கள், தெரியுமா?

இங்கேதான் நெஞ்சு உறுத்துகிறது. நம்ம ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி போட்டு எடுப்பது போல, கோவில் செலவை அந்தந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கு மக்களே சுமக்கிறார்கள். கடலோர ஊர்களில் மீன்பாட்டில் ஒரு பங்கு கோவிலுக்குப் போகும். தெற்கத்தித் திருவிழாக்களில் அசனம் போட்டு, வந்தவர் எல்லோரையும் உட்கார வைத்துப் பரிமாறுவதும் அந்த மக்களின் கைக்காசில்தான். கூலி வேலைக்குப் போய் வருகிறவர் கொடுத்த பணத்தில் நிற்கும் கோபுரத்தின் முன்னால், காரில் வந்து இறங்கி, போட்டோ எடுத்து, உண்டியல் பக்கமே திரும்பாமல் போகிறவர்கள்தான் எத்தனை பேர்!

பழைய கட்டடத்துக்கு வேலை ஓயவே ஓயாது. விரிசலில் காக்கை எச்சமிட்டால் அரசங்கன்று முளைக்கும். பிடுங்காமல் விட்டால் வேர் சுவரையே பிளந்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் அவசரத்துக்கு சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், கூலியும் கூடுதல்.

அதற்காக வாசலில் டிக்கெட் போடலாமா? கூடவே கூடாது! நாலு பிள்ளைகளோடு பஸ்ஸேறி வருகிற ஒரு தாய், ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டதும் வெளியிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவாள். யாருக்காகக் கோவில் கட்டினார்களோ அவளை வெளியே நிறுத்திவிட்டுக் கோபுரத்தைக் காப்பாற்றி என்ன பயன்? அருங்காட்சியகத்துக்கும் கோபுரம் ஏறவும் தனிக் கட்டணம் வைக்கட்டும், அது நியாயம். சாமி இருக்கிற இடத்துக்கு மட்டும் விலை வேண்டாம்.

ஆனால் கல்யாண வீட்டில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை என்பதற்காக மொய் எழுதாமல் வருவோமா? பார்க்கப் போகிறவர்களுக்கும் அந்த முறை உண்டு. இடைக்காட்டூர் போனால் பங்கு அலுவலகத்தில் விசாரியுங்கள். கட்டடப் பராமரிப்புக்கு என்று சொல்லி, உங்கள் பஸ் செலவுக்குச் சமமாகவாவது கொடுத்து, ரசீது வாங்குங்கள். பத்துப் பேராகப் போனால் பத்துப் பேரும் கொடுங்கள். நம்மால் முடிந்ததை நாமே கொடுத்துவிட்டால், வாசலில் டிக்கெட் போடவேண்டிய நிலை அந்த மக்களுக்கு ஒருநாளும் வராது!