ஊத் வியாபாரம்: முகர்ந்து பார்த்து விலை சொல்வோம்

அத்தர் விற்கும் கடைகளில் இன்று ‘ஊத்’ என்ற பெயர் இல்லாத அலுமாரியே இல்லை. ஆனால் விற்கும் நம்மில் எத்தனை பேர் அசல் ஊதை முகர்ந்திருக்கிறோம்? நானும் பல வருடங்கள் முகராமலேயே விற்றவன்தான்.

மொத்த வியாபாரி ஒருவரிடம் ‘அசல் அஸ்ஸாம் ஊத்’ என்று நம்பி ஐந்து தோலா வாங்கினேன். ஒரு தோலா சுமார் 11.66 கிராம். வளைகுடாவில் நீண்ட காலம் தொழில் செய்து திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர் அதில் கால் தோலா வாங்கிச் சென்றார். மறுநாளே போத்தலுடன் வந்து, “நானா, இது ஊத் இல்லை, ஊத் வாசம் போட்ட எண்ணெய். உங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிச் சரக்கைக் கலவை என்று சொல்லியே நட்டத்துக்கு விற்றேன்.

அன்று அவர் தம்மிடமிருந்த அசலில் ஒரு துளியை என் மணிக்கட்டில் தடவினார். மாட்டுத் தொழுவமும் தோலும் புகையும் கலந்த நெடி! முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் அது தணிந்து, மழையில் நனைந்த மரம் போலாகி, கருப்பட்டி இனிப்பும் சேர்ந்தது. இரவில் காய்ந்த மரத்தின் மணம் மட்டும் நின்றது. மறுநாளும் சட்டைக் கையில் இருந்தது. நான் விற்ற எண்ணெயோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வாசம்.

அகில் மரம் காயப்பட்டுப் பூஞ்சணம் தொற்றும்போது, தன்னைக் காக்கச் சுரக்கும் பிசினே ஊதின் மூலம். நோயற்ற கட்டை வெளிறி, மணமின்றி இருக்கும். பிசினேறிய கட்டையைச் சிறு துண்டுகளாக்கி, நீரில் ஊறவைத்து, வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். அஸ்ஸாமில் நீண்ட நாள் ஊறவிடுவதால்தான் அந்தத் தொழுவ நெடி. கிடைக்கும் எண்ணெய் சொற்பம். அதுவே விலைக்குக் காரணம்.

கலவை விற்பது தவறல்ல. 2002இல் இவ் செயின்ட் லோரன்ட்டின் ‘எம்7’, 2007இல் டொம் ஃபோர்ட்டின் ‘ஊத் வூட்’ ஆகியவை வந்த பின் மேற்கிலும் ஊதுக்குப் பெயர் பரவியது. செயற்கை மூலப்பொருட்களால் ஆன ஊத் வாசனைகள் சந்தையில் தாராளம். அவற்றுக்கும் வாடிக்கையாளர் உண்டு. கலவையை அசல் விலைக்கு விற்பதுதான் தவறு.

ஆகவே, முதலில் கால் தோலா மட்டும் வாங்குங்கள். தோலில் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அசலா கலவையா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. நம் நாட்டு வல்லப்பட்டையிலும் இத்தகைய பிசின் உண்டு. அகில் இனங்களுடன் வல்லப்பட்டை இனமும் 2004இல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அனுமதியின்றிக் கொண்டுசென்ற பலர் கட்டுநாயக்கவில் சுங்கத்திடம் பிடிபட்டிருக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் கை வைக்காதீர்கள்.

போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்த அந்த வாடிக்கையாளர் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார். அன்று திருப்பிக் கொடுத்த பணம் எனக்கு நட்டமாகவில்லை.