தறிக்கு அப்பாலும் ஒப்படைக்க உண்டு
– மனித வளர்ச்சிப் பருவங்கள் பற்றி ஒரு சிந்தனை –



நம் காஞ்சிபுரத்தில் வாழ்நாளை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. வரதராசப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் சிலை நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979இல் எடுக்கப்பட்டது, பின்பு 2019இல் 48 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1979இல் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தவர் 2019இல் 48 வயதுக் குடும்பத் தலைவர். அடுத்த முறை 2059இல் அவருக்கு 88 வயதாகியிருக்கும். ஆள் ஒருவர்தான். ஆனால் எட்டு வயதில் அவர் உள்ளம் தேடியது வேறு, 48இல் தேடுவது வேறு, 88இல் தேடப்போவது வேறு. இந்த வேறுபாட்டை ஆராயும் துறையே வளர்ச்சி உளவியல்.

இதை நாம் ஏன் அறிய வேண்டும்? நெசவுக் குடும்பங்களைச் சந்திக்கும்போது அடிக்கடி காதில் விழும் வேதனை ஒன்று உண்டு. "பிள்ளைகள் யாரும் தறியில் உட்காரவில்லை சாமி, எல்லாம் என்னோடு முடிந்தது" என்பதே அது. இந்த வேதனை எந்தப் பருவத்துக்கு உரியது, அதற்கு விடை உண்டா என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

ஏழு வயதில் திறக்கும் அறிவு

வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. ஒரு காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடை நடந்து வரும் வாரானை என்று அந்த வரிசை செல்கிறது. குழந்தையைக் கூர்ந்து கவனித்தவர்களே இப்படிப் பிரித்திருக்க முடியும்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜான் பியாஜே (1896–1980) குழந்தையின் சிந்திக்கும் திறனை இதேபோலக் கவனித்தார். குட்டையான டம்ளரில் உள்ள தண்ணீரை உயரமான ஒல்லி டம்ளரில் ஊற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லும். ஏறக்குறைய ஏழு வயதில் அதே பிள்ளை, "அதே தண்ணீர்தானே" என்று சொல்லிவிடும். காரணகாரியம் புரியத் தொடங்கும் வயது அது. திருத்தந்தை புனித பத்தாம் பயஸ் 1910இல் ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகளுக்கு நற்கருணை வழங்கலாம் என்று அறிவித்தார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் (எண் 97) ஏழு வயது நிறைந்தவருக்குப் பகுத்தறிவு உண்டு எனக் கொள்கிறது. அன்னையாம் திருச்சபையின் மேய்ப்புப்பணி அனுபவமும் அறிவியலும் இங்கே கைகோக்கின்றன.

எட்டுப் பருவங்கள்

பியாஜே பெரும்பாலும் சிறார் பருவத்தையே ஆராய்ந்தார். பிறப்பு முதல் இறப்பு வரை வளர்ச்சி தொடர்கிறது என்று விளக்கியவர்களில் முக்கியமானவர் எரிக் எரிக்சன் (1902–1994). 1950இல் வெளிவந்த தம் நூலில் வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு போராட்டம் உண்டு. அதில் நல்லது மேலோங்கினால் உள்ளத்தில் ஒரு பண்பு பிறக்கும்.

1. கைக்குழந்தை: உலகை நம்பலாமா, கூடாதா? பிறக்கும் பண்பு எதிர்நோக்கு.
2. இரண்டு, மூன்று வயது: தானே செய்யும் துணிவா, வெட்கமா? பண்பு மனவுறுதி.
3. பள்ளிக்கு முந்தைய வயது: தானாக முன்வருவதா, குற்ற உணர்வா? பண்பு நோக்கம்.
4. ஆறு முதல் பன்னிரண்டு வரை: கற்று முடிக்கும் ஊக்கமா, தாழ்வு மனப்பான்மையா? பண்பு திறமை.
5. வளரிளம் பருவம்: "நான் யார்?" என்பதற்கு விடையா, குழப்பமா? பண்பு பற்றுறுதி.
6. இளமை: நெருங்கிய உறவா, தனிமையா? பண்பு அன்பு.
7. நடுவயது: அடுத்த தலைமுறையை உருவாக்குவதா, தேங்கிப் போவதா? பண்பு அக்கறை.
8. முதுமை: நிறைவா, விரக்தியா? பண்பு ஞானம்.

இவற்றுள் நம் ஊருக்கு மிக நெருக்கமான மூன்றை மட்டும் சற்று விரித்துக் காண்போம்.

எட்டு வயது: பறிக்கக் கூடாத பருவம்

கோர்வை போட்டு நெய்யும் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். நெய்பவர் ஒருவர், ஓரத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பல வீடுகளில் சிறுவரே அமர்ந்தனர். வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் தறிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் உண்டு. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

"பிள்ளை தொழில் கற்றுக்கொண்டதே, இதில் என்ன தவறு?" என்று அன்று கேட்டவர்கள் இருந்தனர். எரிக்சன் கூறும் ஊக்கம் என்பது, பிள்ளை தானே ஒன்றைத் தொடங்கி, தவறி, திருத்தி, முடித்து, "என்னால் முடியும்" என்று உணர்வதாகும். பிறர் தறியில் நாள் முழுவதும் நாடா தள்ளிய பிள்ளை எதையும் தனதென்று முடிக்கவில்லை. பள்ளிக்குப் போகும் தோழனைப் பார்த்து, தான் குறைந்தவன் என்பதையே கற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி தருகிறது. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. இச்சட்டங்கள் காக்க விரும்புவது இந்தப் பருவத்தையே.

நடுவயது: யாரிடம் ஒப்படைப்பேன்?

எரிக்சன் 1962இல் மனித வாழ்வின் பருவங்கள் பற்றிய கருத்தரங்கை நடத்த அகமதாபாத்துக்கு வந்தார். அங்கே 1918இல் நடந்த ஆலை நெசவாளர் போராட்டம் அவர் கருத்தைக் கவர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் தந்த ஊக்கத்தொகையை ஆலை முதலாளிகள் நிறுத்தினார்கள். அதற்கு ஈடாகத் தொழிலாளர் 35 விழுக்காடு உயர்வு கேட்டனர். முதலாளிகள் 20க்கு மேல் இறங்கி வரவில்லை. முதலாளிகளின் தலைவர் அம்பாலால் சாராபாய். அவருடைய சொந்தச் சகோதரி அனசூயாவோ தொழிலாளர் பக்கம் நின்றார். தொழிலாளர் தளர்ந்தபோது காந்தியடிகள் மார்ச் 15 அன்று உண்ணாநோன்பைத் தொடங்கினார். மூன்று நாள்களில் உடன்பாடு ஏற்பட்டது.

இதைப் பற்றி எரிக்சன் எழுதிய 'காந்தியின் உண்மை' என்னும் நூல் 1969இல் வெளிவந்து புலிட்சர் பரிசும் பெற்றது. அப்போராட்டத்தின்போது காந்திக்கு வயது 48. தாம் பெறாத ஆயிரக்கணக்கானோரைத் தம் பிள்ளைகளாக ஏற்று, அவர்களுக்காகப் பொறுப்பேற்கும் நடுவயது மனிதரை எரிக்சன் அவரிடம் கண்டார். ஏழாம் பருவத்தின் பொருள் இங்கே தெளிவாகிறது. அடுத்த தலைமுறையை உருவாக்குவது என்பது நம் தொழிலை அதே வடிவில் தொடரச் செய்வது மட்டுமல்ல. அவர்கள் நிமிர்ந்து நிற்கத் துணை நிற்பதுமாகும்.

ஆகவே தறியை விட்டு ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ வேலைக்குச் செல்லும் மகன், தந்தையைத் தோற்கடித்தவன் அல்லன். "நான் யார்?" என்ற ஐந்தாம் பருவக் கேள்விக்கு அவன் விடை தேடுகிறான். அறுந்த இழையைப் பொறுமையாக முடிந்து தொடர்வது, பாவில் ஒரு பிழை தெரிந்தால் மறைக்காமல் திருத்துவது, வாங்குபவர் அறியாவிட்டாலும் ஜரிகையில் ஏமாற்றாமலிருப்பது ஆகியவற்றைத் தந்தையிடம் பார்த்து வளர்ந்தவன் அவற்றைத் தன்னோடு எடுத்துச் செல்கிறான். அதே வேளையில், தறிதான் தன் வழி என்று ஒரு மகனோ மகளோ விரும்பி வந்தால், அவர்களுக்கு முறையான கூலியும் மதிப்பும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை. கூலி போதாததால் வெறுமையான தறிக்குப் பிள்ளைகள்மேல் பழி போடக் கூடாது.

விவிலியத்தில் செபதேயுவை எண்ணிப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் தந்தையைப் படகில் கூலியாட்களோடு விட்டுவிட்டு இயேசுவின் பின் சென்றார்கள் (மாற் 1:20). செபதேயு தடுத்ததாக நற்செய்தியில் ஒரு சொல்கூட இல்லை. புனித யோசேப்பின் தச்சுப் பட்டறையும் இப்படித்தான். அங்கே வேலை கற்ற திருமகன் ஏறக்குறைய முப்பது வயதில் (லூக் 3:23) தந்தையின் வேறொரு பணிக்காகப் புறப்பட்டார். யோசேப்பின் உழைப்பு வீணாயிற்று என்று யாரேனும் சொல்வோமா?

முதுமை: நெய்து முடித்த சேலை

நோயுற்ற எசேக்கியா அரசர், நெசவாளி துணியைச் சுருட்டித் தறியிலிருந்து அறுத்தெடுப்பதோடு தம் வாழ்வின் முடிவை ஒப்பிட்டுப் புலம்பினார் (எசா 38:12). நெசவாளருக்கு இந்த உவமையின் மறுபக்கமும் தெரியும். தறியிலிருந்து அறுக்கப்படும்போதுதான் அது சேலையாகிறது. வாழ்ந்த வாழ்வை அதன் குறைகளோடும் "இது என் வாழ்வு, இறைவன் தந்தது" என்று ஏற்றுக்கொள்வதே எரிக்சன் கூறும் நிறைவு. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனும், 84 வயது அன்னாவும் (லூக் 2:25–38) இதற்கு எடுத்துக்காட்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் என உலக நாளொன்றை ஏற்படுத்தியதும் இவர்களை நாம் மறவாதிருக்கவே.

இழந்தது மீளுமா?

இப்பருவங்கள் ஏணிப்படிகள் அல்ல. எல்லாரும் குறித்த வயதில் கடப்பதில்லை. பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்று பின்வந்த ஆய்வாளர்கள் எரிக்சனின் கருத்துகளை விமர்சித்ததும் உண்டு. ஒரு பருவத்தில் தவறியதைப் பின்னொரு பருவத்தில் ஓரளவு ஈடுசெய்ய முடியும் என்பதை எரிக்சனும் ஏற்கிறார். சிறுவயதில் எழுத்தறியாத பாட்டி பேத்தியோடு அமர்ந்து படிக்கத் தொடங்கினால், அவருக்குள் இருக்கும் எட்டு வயதுச் சிறுமி மகிழ்கிறாள். எந்த வயதினரையும் புதிதாகத் தொடங்கச் செய்யும் இறையருளை நம்பும் நமக்கு இது வியப்பல்ல.

அன்பானவர்களே, இந்த வாரம் நம் அன்பியக் கூட்டத்தில் இவற்றைச் சிந்திப்போம்.

– நம் வீட்டுப் பிள்ளை தானே முடித்த ஒரு வேலையை அண்மையில் எப்போது பாராட்டினோம்?
– நம் தொழிலைத் தொடராத மகனிடமோ மகளிடமோ, "நீ நன்றாக இருக்கிறாய், அது எனக்குப் போதும்" என்று சொல்லியிருக்கிறோமா?
– நம் தெருவில் உள்ள முதியவர் ஒருவரின் வாழ்க்கைக் கதையை முழுவதும் கேட்டிருக்கிறோமா?

ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் வளர்ந்த நாசரேத்து இயேசு, எட்டு வயதினரையும் எண்பது வயதினரையும் தம் அருளில் வளரச் செய்வாராக. ஆமென்.